ஐசியு வாசலில் ஒரு பேச்சு: உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரின் பணி

மூளைச்சாவடைந்த ஒருவரின் உறுப்புகள் இன்னொருவர் உடலில் பொருத்தப்படுவதற்குள் ஐசியு மருத்துவர், நரம்பியல் நிபுணர், போலீஸ், தடயவியல் மருத்துவர், ரத்தப் பரிசோதனைக் கூடம், ஆம்புலன்ஸ், பல மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைக் குழுக்கள் என எத்தனையோ பேர் ஒரே இரவில் கைகோக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் எல்லோரையும் ஒன்று சேர்ப்பவர் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். மருத்துவமனை வட்டாரத்தில் கோஆர்டினேட்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இறந்தவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறவரும் அவர்தான். அவருடைய வேலையில் மிகக் கடினமான பகுதியும் அதுவே.

இந்தப் பணிக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க நெடுங்காலம் ஆனது. மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் 1968 பிப்ரவரியிலேயே ஒரு நோயாளிக்கு இதயம் மாற்றினார். தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மும்பை நோயாளி சில மணி நேரத்தில் இறந்துபோனார். மூளைச்சாவை மரணமாக ஏற்கும் சட்டம் அப்போது இந்தியாவில் இல்லை. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல்தான் வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது அதை முதலில் ஏற்ற மாநிலங்களில் மகாராஷ்டிராவும் ஒன்று. 2011-இல் சட்டம் திருத்தப்பட்டபோது திசுக்களும் அதற்குள் வந்தன. ஒருங்கிணைப்பாளரை நியமிக்காத மருத்துவமனைக்கு உறுப்பு மாற்றுப் பதிவு கிடையாது என்றும் ஆனது. மருத்துவர், செவிலியர், சமூகப் பணி படித்தவர் எனப் பலரும் இந்த வேலைக்கு வரலாம். சென்னையில் 1997-இல் தொடங்கப்பட்ட மோகன் அறக்கட்டளை இதற்கென்றே நாடு முழுக்கப் பலருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது.

மும்பையில் உறுப்பு மாற்று ஏற்பாட்டின் மையம், தமிழர்கள் வாழும் ஆண்டாப் ஹில் பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாராவியை ஒட்டி நிற்கும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையைச் சயான் ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் சுற்றுவட்டாரத் தமிழர்களுக்குப் புரியும். மும்பை மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையம் அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் காத்திருப்போர் பட்டியலை வைத்திருப்பது இந்த மையம். மகாராஷ்டிராவில் புனே, நாக்பூர், சத்ரபதி சம்பாஜிநகர் ஆகிய ஊர்களிலும் இதுபோன்ற மையங்கள் உண்டு. மேற்கு மண்டலத்துக்கான அமைப்பு கே.இ.எம். மருத்துவமனையிலும், தேசிய அமைப்பு டெல்லியிலும் உள்ளன.

சயான் ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவுக்கு நெடுஞ்சாலையிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் தலைக்காயத்தோடு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மூளைச்சாவு பெரும்பாலும் இப்படிப்பட்ட காயத்தாலோ மூளை ரத்தக்கசிவாலோ நேர்கிறது. மண்டையோட்டுக்குள் வீக்கம் கூடி அழுத்தம் ஏறும்போது மூளைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். மூச்சை இயக்கும் மூளைத்தண்டும் செயலிழக்கும். இதயத்துக்குச் சொந்தமாகத் துடிக்கும் திறன் இருப்பதால், வென்டிலேட்டர் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை அது சில மணி நேரமோ சில நாட்களோ துடிக்கும். கோமா வேறு, இது வேறு. கோமாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார். மூளைத்தண்டு இறந்தவர் திரும்புவதில்லை.

நல்ல ஒருங்கிணைப்பாளர் நாள்தோறும் ஐசியுவைச் சுற்றி வருவார். நினைவு நிலையைக் குறிக்கும் ஜி.சி.எஸ். மதிப்பெண் 15-லிருந்து மிகக் குறைந்த அளவான 3-க்கு இறங்கிவிட்ட நோயாளி யார், சொந்த மூச்சு யாருக்கு நின்றுவிட்டது என்று கேட்டு வைத்துக்கொள்வார். சோதனை செய்வது அவர் வேலை அல்ல. அதற்கு நான்கு மருத்துவர்கள் அடங்கிய குழு உண்டு. உறுப்பு மாற்றுக் குழுவைச் சேர்ந்த யாரும் அதில் இருக்கக் கூடாது என்பது சட்டம். மயக்க மருந்தின் விளைவோ, உடல் வெப்பக் குறைவோ இல்லை என்று முதலில் உறுதி செய்கிறார்கள். பிறகு கண்மணியில் ஒளி பாய்ச்சிப் பார்க்கிறார்கள். காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டுக் கண் அசைகிறதா என்று பார்க்கிறார்கள். தொண்டையைத் தூண்டி இருமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியில் மூச்சுச் சோதனை. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டுக் குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் கொடுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அதன் அழுத்தம் 60 மில்லிமீட்டரைத் தாண்டியும் நெஞ்சு ஒருமுறைகூட எழும்பவில்லை என்றால் மூச்சு மையம் இறந்துவிட்டது என்று பொருள். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து இத்தனையும் மறுபடி செய்யப்படும். இரண்டாம் முறையும் அதே முடிவு வந்தால்தான் நால்வரும் பத்தாம் எண் படிவத்தில் கையெழுத்திடுவார்கள்.

அதற்குப் பிறகு வருகிறது குடும்பத்தோடான பேச்சு. இதில் ஒருங்கிணைப்பாளர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு: இறப்பைச் சொல்வதும் தானத்தைக் கேட்பதும் ஒரே பேச்சில் கலக்கக் கூடாது. இறப்புச் செய்தியைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை அளித்த மருத்துவர். அதைக் கேட்டதும் குடும்பத்திலிருந்து எழும் கேள்வி எங்கும் ஒன்றுதான்: "நெஞ்சு ஏறி இறங்குது, கை சூடா இருக்கு, எப்படிச் செத்துட்டார்னு சொல்றீங்க?" இதற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். மூச்சுச் சோதனையின்போது உறவினர் ஒருவரை அருகில் நிறுத்திக்கொள்ளும் மருத்துவமனைகளும் உண்டு. ஆள் போய்விட்டார் என்று குடும்பம் மனதார ஏற்ற பிறகே தானத்தின் பேச்சு தொடங்கலாம். அவசரப்பட்டுக் கேட்டால், உறுப்புக்காகத்தான் இறந்துவிட்டார் என்கிறார்களோ என்ற சந்தேகம் விழுந்துவிடும். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதற்கு இடம் கொடுக்காமல் நடந்துகொள்வது மருத்துவமனையின் பொறுப்பு.

ஆண்டாப் ஹில், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழ்க் குடும்பங்களிடம் இந்தப் பேச்சைத் தமிழில் பேச ஆள் இருப்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் போதுமான இந்தி, சாவு வீட்டில் கைகொடுப்பதில்லை. சட்டப்படி வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் ஒப்பினால் போதும். நடப்பில் முடிவு சொல்ல வேண்டிய பெரியப்பாவோ தாய்மாமனோ திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கலாம். அவரிடமும் போனில் பொறுமையாக விளக்க வேண்டும். உடல் சிதைந்துவிடுமா, மறுபிறவியில் குறையோடு பிறப்பாரா, சடங்குக்கு நேரமாகிவிடுமா என்று கேட்பார்கள். உடல் தையலிடப்பட்டு முழுமையாக ஒப்படைக்கப்படும். உறுப்பு எடுப்பதற்கோ அதுவரை உடலைப் பேணுவதற்கோ குடும்பத்திடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிகிறது. ஆனால் மூளைத்தண்டு மரணத்தை உறுப்பு மாற்றுச் சட்டம் மட்டுமே வரையறுப்பதால், மறுத்த குடும்பத்தின் நோயாளிக்கு வென்டிலேட்டரை நிறுத்தலாமா என்று மருத்துவர்கள் தயங்குகிறார்கள். இந்தக் குழப்பத்தை அரசு இன்னும் தீர்க்காமல் இருப்பது சரியல்ல.

சம்மதம் கிடைத்ததும் கடிகாரத்தோடு ஓட்டம். மூளைத்தண்டு இறந்த உடலில் ரத்த அழுத்தம் சரியும், உடல் குளிரும், சிறுநீர் லிட்டர் கணக்கில் போகும். ஐசியு குழு அப்போது நினைவில் வைத்திருப்பது 'நூறு விதி': ரத்த அழுத்தம் 100-க்கு மேல், மணிக்குச் சிறுநீர் 100 மில்லிக்கு மேல், ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 100-க்கு மேல், ஹீமோகுளோபின் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல். விபத்து வழக்கென்றால் போலீஸ் அனுமதியும் தடயவியல் மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். இதையெல்லாம் கேட்டு வாங்குபவரும் ஒருங்கிணைப்பாளரே. இதற்கிடையில் ரத்தப் பிரிவு, உடல் அளவு, தொற்றுச் சோதனை முடிவுகள் மண்டல மையத்துக்குப் போகின்றன. சிறுநீரகம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதில் டயாலிசிஸில் கழித்த காலம், வயது போன்றவற்றுக்கு மதிப்பெண் உண்டு. உறுப்பு கிடைத்த மருத்துவமனைக்கு ஒரு சிறுநீரகமும், நகரப் பொதுப் பட்டியலுக்கு இன்னொன்றும் என்பது மும்பை வழக்கம்.

உடலுக்கு வெளியே இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரமும், கல்லீரல் ஏறத்தாழ 12 மணி நேரமும், சிறுநீரகம் ஒரு நாள் வரையும் தாங்கும். பசுமை வழித்தடம் என்று போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸை விடுவது இதற்காகத்தான். சென்னையில் 2008 செப்டம்பரில் ஒரு சிறுவனின் இதயத்துக்காகப் போலீஸார் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை சாலையைத் திறந்துவிட்டது தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தையே ஒரு மக்கள் பேச்சாக்கியது. 2015 ஆகஸ்டில் புனேயிலிருந்து விமானத்தில் வந்த இதயம் மும்பை முலுண்டில் பொருத்தப்பட்டது. 1968-க்குப் பிறகு அந்த நகரில் நடந்த முதல் இதய மாற்று அது.

திசு தானத்தின் கதை வேறு. அதற்கு மூளைச்சாவு தேவையில்லை; ஐசியுவும் தேவையில்லை. முதுமையிலோ மாரடைப்பிலோ வீட்டில் இறப்பவரின் கருவிழியையும் தோலையும் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டாப் ஹில்லில் சால் எனப்படும் வரிசை வீட்டிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ ஒருவர் இறந்தால், மருத்துவரின் இறப்புச் சான்றும் நெருங்கிய உறவினரின் சம்மதமும் இருந்தால் கண் வங்கிக் குழு வீட்டுக்கே வரும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்றே உயர்த்தி வைக்க வேண்டும். கருவிழி எடுக்க 20 நிமிடம் போதும். கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைத் தொற்று, வெறிநாய்க்கடி நோய் போன்றவை இருந்தால் எடுப்பதில்லை.

தோல் தானம் பற்றிக் கண் தானத்தைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. சயான் ஆஸ்பத்திரியில் 2000-ஆம் ஆண்டு டாக்டர் மாதுரி கோரே முயற்சியில் தொடங்கிய தோல் வங்கி நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. முதுகிலிருந்தும் தொடையிலிருந்தும் காகிதத்தைப் போல மெல்லிய மேலடுக்கு மட்டும் எடுக்கப்படுகிறது, ரத்தம் வழிவதில்லை. 85 விழுக்காடு கிளிசரினில் குளிரூட்டி வைத்தால் ஐந்தாண்டு வரை அது கெடாது. ரத்தப் பிரிவும் பார்க்க வேண்டியதில்லை. உடலில் பாதிக்கு மேல் வெந்தவரின் மீது போர்த்தினால் நீரிழப்பும் தொற்றும் வலியும் குறைகின்றன. சில வாரங்களில் உடல் அதை ஒதுக்கிவிடும். அதற்குள் நோயாளியின் சொந்தத் தோலை எடுத்து ஒட்ட அவகாசம் கிடைக்கிறது. அடுப்பு விபத்தில் வெந்து வரும் பெண்கள் பலர் உயிர் பிழைப்பது இந்தச் சில வார அவகாசத்தால்தான். எலும்புக்கும் பனிக்குடப் படலத்துக்கும் டாடா மெமோரியல் மருத்துவமனையில் 1988 முதல் திசு வங்கி இருக்கிறது. அங்கு திசுக்கள் காமா கதிர்வீச்சால் கிருமி நீக்கப்படுகின்றன.

ஒருங்கிணைப்பாளர்களால் என்ன மாறும் என்பதற்கு ஸ்பெயின் ஓர் எடுத்துக்காட்டு. அந்நாடு 1989-இல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பைத் தொடங்கியபோது அங்கு பத்து லட்சம் பேருக்குச் சுமார் 14 பேர் இறந்தபின் உறுப்பு தந்தார்கள். இன்று அது 48-க்கு மேல். அவர்கள் முதன்மையாகச் செய்தது, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரை, பெரும்பாலும் ஐசியு மருத்துவரையே, பொறுப்பில் அமர்த்தியது. இந்தியாவில் 2023-இல் இறந்தபின் உறுப்பு தந்தவர்கள் 1,099 பேர். பத்து லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் 2024-இல் 268 பேர் தந்தார்கள். அறுவை சிகிச்சை வல்லுநர்களுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. மூளைச்சாவை உரிய நேரத்தில் அறிவிக்கும் ஐசியுக்களும், முழுநேர ஒருங்கிணைப்பாளர்களும் போதவில்லை. உறுப்பு மாற்று வசதி இல்லாத மருத்துவமனையும் உறுப்பு எடுக்கும் மையமாக மட்டும் பதிவு செய்துகொள்ளச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. ஐசியு வைத்திருக்கும் சிறிய தனியார் மருத்துவமனைகள் அந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டு, அங்குள்ள செவிலியர் ஒருவரையாவது இந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம்.