திருச்சிக்காரர் எந்தக் கணக்கில்?

'நாங்கதான் நம்பர் ஒன்!' என்று இரண்டு ஏர்லைன்ஸ்காரர்கள் ஒரே நாளில் மார்தட்டினால் யாரை நம்புவது? இரண்டு பேரையுமே நம்பலாம் சார். அளக்கிற படிதான் வேறு வேறு!

வெளிநாட்டுப் பயண மார்க்கெட்டில் தங்கள் பங்கை இவர்கள் எப்படி அளக்கிறார்கள்? தெரிந்துகொள்ள பைலட் ஆக வேண்டாம். திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் போதும். (நிற்க இடம் கிடைத்தால்!)

முதல் படி, தலை எண்ணுவது. மெயின்கார்டு கேட்டில் இறங்கினாலும் சரி, ஸ்ரீரங்கம் வரை போனாலும் சரி, கண்டக்டருக்கு நீங்கள் ஒரு தலை. எந்தக் கம்பெனி எத்தனை பேரை இந்தியாவிலிருந்து கொண்டுபோனது, கொண்டுவந்தது என்று டி.ஜி.சி.ஏ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற பட்டியலும் இப்படித்தான்.

இரண்டாவது படி, தலையோடு தூரத்தைப் பெருக்குவது. பெயர் 'பயணி கிலோமீட்டர்'. திருச்சியிலிருந்து கொழும்பு சுமார் 420 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,000. ஆக, ஒரு சிங்கப்பூர் பயணி ஏழு கொழும்பு பயணிகளுக்குச் சமம்! பக்கத்து ஊருக்குப் பறக்கிற கம்பெனி தலைக்கணக்கைக் காட்டும். தூர தேசம் போகிறவர் கிலோமீட்டரைக் காட்டுவார்.

மூன்றாவது, சீட். 180 சீட்டில் 150 பேர் உட்கார்ந்தால் 83 சதவீதம் நிரம்பியது என்று அர்த்தம். மார்க்கெட்டின் மொத்த சீட்டில் 30 சதவீதம் வைத்துக்கொண்டு, பயணிகளில் 33 சதவீதத்தைப் பிடித்தால் வியாபாரம் ஜோர். தலைகீழானால், காலி சீட்டுக்கும் சேர்த்து பெட்ரோல் போடுகிறார்கள் என்று பொருள்.

இனிதான் சிக்கலே. ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் சென்ட்ரலில் பஸ் மாறி ஏர்போர்ட் போகிறார். இரண்டாவது கண்டக்டரைக் கேட்டால், "சென்ட்ரல்ல ஏறினாருங்க" என்பார். ஸ்ரீரங்கம் அவர் கணக்கிலேயே கிடையாது!

கொழும்பில் விமானம் மாறி லண்டன் போகிறவரும் அப்படித்தான். இங்கத்திய பட்டியலில் அவர் 'திருச்சி - கொழும்பு' பயணி. நிஜமாக எங்கே கிளம்பி எங்கே போகிறார் என்பது அமேடியஸ், சேபர் போன்ற புக்கிங் கம்ப்யூட்டர்களுக்குத் தெரியும். டிராவல் ஏஜெண்டுகள் போடுகிற டிக்கெட்டெல்லாம் அதில் பதிவாகிறது. அந்தத் தகவலை ஏர்லைன்ஸ்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. ஆனால் சிக்கன விமானக் கம்பெனிகள் பெரும்பாலும் சொந்த வெப்சைட்டில் விற்பதால், அந்த டிக்கெட்டுகள் அதில் சிக்காது. மிச்சத்துக்கு? மதிப்பீடுதான்!

'இதனால் எனக்கென்ன?' என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. வெளிநாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. 2003-ல் ஆசியான் நாடுகளின் விமானங்களுக்கு இந்தியா 18 சுற்றுலா ஊர்களைத் தாராளமாகத் திறந்துவிட்டது. அதில் திருச்சியும் ஒன்று. சிங்கப்பூர், மலேசியக் கம்பெனிகள் இங்கே வரிசை கட்டுவதன் ரகசியம் அதுதான். வளைகுடாக் கம்பெனிகளுக்கு அந்தத் தாராளம் இல்லை. 'திருச்சிக்கும் அனுமதி கொடுங்கள்' என்பது இங்கே பல வருஷக் கோரிக்கை.

2012-ல் சர்வதேச அந்தஸ்து வந்தது. 2024-ல் பளபளவென்று புது டெர்மினலும் வந்தாயிற்று. உள்நாட்டைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகமாக வருகிற அபூர்வ ஏர்போர்ட் இது. ஆனாலும் இங்கே தோதான விமானம் கிடைக்காமல், ராத்திரி பஸ் பிடித்து சென்னை போய் துபாய்க்குப் பறக்கிறாரே ஒரு அண்ணன், அவர் சென்னைக் கணக்கில்தான் ஏறுகிறார். திருச்சிப் பட்டியலில் அவர் பிறக்கவே இல்லை!

'திருச்சியிலிருந்து போக ஆளே இல்லையே' என்று யாராவது ஃபைலில் எழுதுகிற நேரத்தில், அந்த ஆள் பெட்டியும் கையுமாக மீனம்பாக்கத்தில் கியூவில் நின்றுகொண்டிருப்பார்.