'எனக்குக் கேட்குது' என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது? ஒரு 'கேள்', ஐந்து வினைகள்

ஆன்லைன் மீட்டிங் தொடங்கியதும் நாம் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "நான் பேசுறது கேட்குதா?" எதிர்முனையில் மெக்சிகோ கிளையன்ட்டோ ஸ்பெயின் டீமோ இருந்தால் இதை எப்படிச் சொல்வது? 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் ஸ்பானிஷில், தமிழில் யோசிப்பவர்கள் சுலபமாகத் தடுக்கி விழும் இடம் இது.

ஏன் இந்தக் குழப்பம்?

'கேள்' என்ற ஒற்றை வினையை நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். ஸ்பானிஷ் அதை ஐந்தாகப் பிரிக்கிறது.

- சத்தம் கேட்குது: ஒஈர்
- கவனிச்சுக் கேட்கிறேன்: எஸ்குச்சார்
- கேள்வி கேட்டேன்: ப்ரெகுந்தார்
- காபி கேட்டேன்: பெதீர்
- சொன்னா கேட்க மாட்டேங்கிறான்: அசேர் காசோ

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. 'எனக்குக் கேட்குது' என்றால் சத்தம் தானாகக் காதில் விழுகிறது. 'நான் கேட்கிறேன்' என்றால் கவனம் என்னுடையது. நாம் வாக்கிய அமைப்பில் காட்டுவதை அவர்கள் வினையை மாற்றிக் காட்டுகிறார்கள்.

எங்கே தப்பு நடக்கும்?

'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு ஸ்பானிஷில் 'மே குஸ்தா'. 'மே' என்றால் 'எனக்கு'. அப்படியானால் 'எனக்குக் கேட்குது' என்பது 'மே ஒயே' தானே என்று தோன்றும். இல்லை. 'மே ஒயே' என்றால் 'நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது' என்று அர்த்தம் தலைகீழாகிவிடும். சரியானது 'ஒய்கோ'. (கடைசி எழுத்தை 'தங்கம்' என்பதில் வரும் ககரம்போல் உச்சரிக்கவும்.)

எந்த வடிவம் யாருக்கு?

எஸ்குச்சார் ஒழுங்கான வினை: எஸ்குச்சோ (நான்), எஸ்குச்சாஸ் (நீ), எஸ்குச்சா (நீங்கள், அவர்). ஒஈர்தான் வளைந்து நெளியும்: ஒய்கோ (நான்), ஒயெஸ் (நீ), ஒயே (நீங்கள், அவர்), ஒயென் (பலர்). இறந்தகாலத்தில் ஒஈ (எனக்குக் கேட்டது), ஒயோ (அவருக்குக் கேட்டது).

ஆக, நண்பரிடம் 'மே ஒயெஸ்?', மரியாதையாக ஒருவரிடம் 'மே ஒயே?', முழு டீமிடமும் 'மே ஒயென்?'.

ஒரு எச்சரிக்கை: தனியாகச் சொல்லும் 'ஒயே', நம்ம ஊர் 'ஏய், இங்க பாரு' மாதிரி. நண்பர்களிடம் ஓகே. சீனியர் கிளையன்ட்டைக் கூப்பிட 'திஸ்குல்பே' (மன்னிக்கவும்) பாதுகாப்பானது.

'மே எஸ்குச்சாஸ்?' என்று கேட்கிறார்களே?

லத்தீன் அமெரிக்காவில் போனில் சத்தம் வருகிறதா என்பதற்கே 'மே எஸ்குச்சாஸ்?' என்பது சகஜம். 'நீ கவனிக்கிறாயா?' என்று அதட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பானிஷ் ராயல் அகாடமி பங்கேற்ற, 2005-இல் வெளியான ஐயம் தீர்க்கும் அகராதி, எஸ்குச்சாரின் அடிப்படைப் பொருள் கவனித்துக் கேட்பதுதான் என்கிறது. ஆனால் ஒஈருக்குப் பதில் அதைப் பயன்படுத்தும் வழக்கம் செவ்வியல் காலத்திலிருந்தே இருப்பதால் கண்டிக்க முடியாது என்றும் சொல்கிறது. தலைகீழாக மாற்றினால்தான் சிக்கல்: ஒருவர் மனம்விட்டுப் பேசும்போது 'தே ஒய்கோ' என்றால் 'உன் சத்தம் கேட்குது' என்பதோடு நின்றுவிடும். 'தே எஸ்குச்சோ' என்றால்தான் 'சொல்லு, கேட்டுட்டிருக்கேன்'.

தமிழ் நமக்கு எங்கே கைகொடுக்கும்?

'படம் பார்த்தேன்' என்போம், ஆனால் 'நண்பன் பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். 'நண்பனைப் பார்த்தேன்' என ஆளுக்கு 'ஐ' சேர்ப்போம். ஸ்பானிஷும் குறிப்பிட்ட ஒரு ஆளுக்கு முன் 'ஆ' சேர்க்கிறது. பாட்டு கேட்பது 'எஸ்குச்சோ மூசிகா'. மேனேஜர் (பெண்) சொல்வதைக் கேட்பது 'எஸ்குச்சோ ஆ மி ஹேஃபா'. ஆங்கிலம் வழியாக யோசித்து பாட்டுக்கும் 'ஆ' போட வேண்டாம்.

அடுத்த காலில் ஆடியோ கட் ஆனால் 'நோ சே ஒயே' என்று சொல்லுங்கள். 'யாருக்கு', 'யாருடைய குரல்' என்று எதுவும் இல்லாமல் 'கேட்கல' என்று மட்டும் சொல்லும் வடிவம் அது. நீ, நீங்கள் குழப்பமும் அதில் இல்லை.