பருவத்திரிபும் யோகப்பொறையும்

உயிரானது தான் சார்ந்த பொருளின் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்கும் இயல்புடையது என்பது சைவசித்தாந்தத் துணிபு. செம்மலரின் அருகே வைத்த பளிங்கு செந்நிறமாய்த் தோன்றுதல் இதற்குக் காட்டப்பெறும் உவமை. இவ்வுண்மையை நூலிற் கற்று வினாவுக்கு விடையாகச் சொல்லுதல் எளிது. முதுவேனில் நண்பகலில் வற்றிய கண்மாய்க்கரையில் நின்று தன்னகத்தே கண்டுகொள்ளுதல் அரிது. பருவம் மாறுந்தோறும் நம் உள்ளமும் உடன்மாறித் தளர்வது எதனால் என்பதும், அத்தளர்ச்சிக்கு யோகநெறி எவ்வாறு மருந்தாம் என்பதும் ஈண்டுச் சிறிது ஆராயப்படும்.

பெரும்பொழுது ஆறு என்பது தமிழ்நூல் வழக்கு. ஆவணி புரட்டாசி கார்; ஐப்பசி கார்த்திகை கூதிர்; மார்கழி தை முன்பனி; மாசி பங்குனி பின்பனி; சித்திரை வைகாசி இளவேனில்; ஆனி ஆடி முதுவேனில். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வாழ்வார்க்கு இவ்வகுப்பு ஒரு திரிபோடுதான் பொருந்தும். கார்காலத்தில் ஈண்டு முகில் திரளும், இடியும் கேட்கும், எனினும் கண்மாயை நிறைக்கும் பெருமழை பெரும்பாலும் கூதிரிலேயே, வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும். ஆகலின் கார் என்பது இந்நாட்டார்க்குக் காத்திருக்குங் காலமே. இளவேனில் என்பதும் பெயரளவில் இளமையது; அக்கினி நட்சத்திரம் அதனுள்ளேதான் அடங்குகின்றது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதனுள்ளும் பெரும்பங்கு சில கிழமைகளில் பெய்து தீரும். அது தவறின் குண்டாறு மணலாறாகவே கிடக்கும். கரிசல் நிலம் கோடையிற் பாளம் பாளமாய் வெடிக்கும். மழையில் ஊறிப் பருத்து, நடப்பார் காலைப் பற்றும்.

வியப்பு ஒன்று உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகளது பாடல்பெற்றதும், பாண்டிநாட்டுப் பதினான்கு தலங்களுள் ஒன்றுமாகிய திருச்சுழியலின் தலவரலாறு வறட்சியைப் பற்றியதன்று. பிரளய வெள்ளத்தைப் பற்றியது. பெருகிவந்த வெள்ளத்தை இறைவன் சூலத்தாற் பிளந்து சுழித்து உட்புகச் செய்தனன் என்பது அவ்வரலாறு. நீரின்மையால் வாடும் ஓர் ஊர், நீர்மிகையினின்று காக்கப்பட்டதைத் தன் பெயரிலேயே வைத்திருக்கின்றது. இருதலைக் கேட்டையும் அறிந்த நிலம் இது என்க.

இந்நிலத்து மக்கள் மனம் பருவத்தைச் சார்ந்து அதன் வண்ணமாதலை யாவரும் காணலாம். ஆனியிற் சூறைக்காற்று வீச, வீட்டிற் சொல் கடுமையாகின்றது. புரட்டாசியில் விதையைக் கையில் வைத்து வானம் பார்ப்பவன் உறக்கம் இழக்கின்றான். மார்கழிப் பனியில் முதியோர்க்கு மூட்டும் மூச்சும் நோகின்றன, உள்ளமும் சோர்கின்றது. வெயில் சுடுவது உடம்பை. மனமோ ‘யான் சுடப்பட்டேன்’ என்கின்றது. மழை தவறியது வானில். மனமோ ‘யான் தவறினேன்’ என்கின்றது. பளிங்கு தன்னைச் செம்மலர் என்றே எண்ணிக்கொண்ட நிலை இது.

இதற்குப் பரிகாரம் உடம்பளவிற் கூறும் நூல்களை முதலிற் காண்போம். வாகபடரது அட்டாங்க இருதயம் என்னும் ஆயுள்வேத நூல், ஒரு பருவத்தின் இறுதி 7 நாளும் அடுத்ததன் முதல் 7 நாளும் ஆகிய 14 நாளை இருதுசந்தி என வகுக்கும். அந்நாட்களில் பழைய ஒழுக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டுப் புதியதைச் சிறிது சிறிதாகப் பற்றுதல் வேண்டும். ஒருங்கே விடினும் ஒருங்கே பற்றினும் நோய் பிறக்கும் என்பது அந்நூற் கருத்து. நம் வழிபாட்டு முறையும் இதற்கு இயைந்தே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. கூதிர் தொடங்கும் ஐப்பசியில் 6 நாட் கந்தசட்டி நோன்பு. பனி தொடங்கும் மார்கழியில் வைகறை எழுச்சி. பனி நீங்கும் மாசியிற் சிவராத்திரிக் கண்விழிப்பு. வேனில் முதிருங்கால் சிவலிங்கத் திருமேனிமேல் தாராபாத்திரத்துத் துளிநீர். பருவத்தின் மூட்டுவாய்தோறும் ஒரு நோன்பு நிற்கின்றது. அந்நோன்புகள் உடம்பை உணவிலும் உறக்கத்திலும் அளவுபடுத்தி, மனத்தைப் பருவத்தினின்று பெயர்த்து இறைவன்பால் வைக்கின்றன.

இனி யோகநூலை நோக்குவோம். திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தோதுகின்றார். அதனுள் இயமத்தைக் கூறப் புகுங்கால், எத்திசையும் மழை எழுந்து பெய்யினும் நியமங்களை விடாது செய்க என்று இறைவன் நால்வர்க்கு அருளியதை முதற்கண் வைக்கின்றார். பருவம் எதுவாயினும் ஒழுக்கம் நில்லாமை கூடாது என்பது யோகத்தின் வாயிற்படியாகவே அமைந்தமை காண்க. ஆயின் காலமறியாது செய்க என்றும் அவர் கூறினாரல்லர். காயசித்தி உபாயத்தில், அந்தியிற் செய்யும் பயிற்சி ஐயினையும், நண்பகலிற் செய்வது வாதத்தையும், வைகறையிற் செய்வது பித்தத்தையும் நீக்கும் எனப் பகுத்துரைக்கின்றார். பித்தம் மிகும் வேனிலில் வைகறையும், ஐ மிகும் பனிக்காலத்தில் அந்தியும் ஏற்றன என்று இதனைக்கொண்டு யாம் துணியலாம். விடாமையும் அளவறிதலும் ஆகிய இரண்டுங் கூடியதே யோகப்பொறை.

அளவறியாமையால் யான் பட்டதொன்றை ஈண்டு மறைத்தல் தகாது. தமிழாசிரியப் பணியினின்று ஓய்வுபெற்ற மறு ஆண்டு அது. முன்னைக் கூதிரில் மழை பொய்த்தது, கிணறு வற்றியது, என் நாட்பூசையும் மனத்தில் ஒன்றாது கழிந்தது. உள்ளத்தை அடக்கியே தீர்வேன் என்று, சித்திரையில் வெயில் ஏறிய பின்னர், பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை எனத் திருமந்திரம் கூறும் முழு அளவையும் குருவின்றி மேற்கொண்டேன். நான்காம் நாள் கண்ணிருண்டு வீழ்ந்தேன். என்னைத் தூக்கி நீர்மோர் கொடுத்தவர் அண்டைவீட்டு நெசவாளர். நடந்ததைக் கேட்டுவிட்டு, “ஐயா, பாவுக்குக் கஞ்சி குறைந்தாற் பிசிர் எழுந்து அறும், மிகுந்தால் முறுகி அறும். வறண்ட காற்று அடிக்கிற நாளில் இன்னும் பார்த்துப் பக்குவம் பண்ணவேண்டும்” என்றார். பருத்தியிழை ஈரத்தில் வலுப்பெறும், வறட்சியில் எளிதின் அறும் என்பது தறியறிந்தார் யாவரும் அறிந்தது. மடத்திற் பல்லாண்டு பாடங்கேட்ட எனக்குப் பொறை என்பது விறைப்பு அன்று என்பதை அன்று அவரே விளக்கினார். அறாமைக்கு வேண்டுவது வளையுந் தன்மை.

தற்காலத்து இதே நோக்கத்தோடு வேறொரு பயிற்சியும் பரவி வருகின்றது. 1979 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சான் கபாட்சின் என்பார், பௌத்தத் தியான முறையினின்று எடுத்து, 8 வாரப் பயிற்சியொன்றை நோயாளர் பொருட்டு அமைத்தார். மூச்சையும் உடம்பின் உணர்ச்சிகளையும் விருப்பு வெறுப்பின்றி அவ்வக்கணத்தில் விழிப்போடு நோக்குதல் அதன் சாரம். இதனை நாம் இகழ வேண்டுவதில்லை. ‘சுடுகின்றது’ என்பதற்கும் ‘யான் கெட்டேன்’ என்பதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டாக்குதல் பெரும்பயனே. அற்றேல் சித்தாந்தி இதனோடு அமையலாமோ எனின், அமையான். என்னை? உயிர் ஒன்றனைச் சாராது தனித்து நில்லாது. வெயிலினின்று பெயர்த்த உள்ளம் வேறொரு பற்றுக்கோட்டை நாடும். அது காட்டப்படாவிடின் பழைய இடத்திற்கே மீளும். நோக்குதல் முதற்படி, எதனைச் சார்தல் என்பது அடுத்த படி.

அவ்வடுத்த படியையே மெய்கண்டார் சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரத்திற் காட்டியருளினார். ஆண்டு அவர் ஆண்ட உவமைகள் இரண்டும் எம் கரிசற்காட்டினின்றே எடுத்தன போல எனக்குத் தோன்றும். பாசம் பேய்த்தேரென ஒருவிக் கழியும். பதி தண்ணிழலாய் நிற்கும். திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுக என்பது அதன் திரண்ட பொருள். சித்திரை நண்பகலில் அருப்புக்கோட்டையினின்று திருச்சுழி செல்லும் வழியில் தொலைவே நீர் தளும்புதல் போலக் கானல் தோன்றும். அயலூரான் அதனை நீரென்று மயங்குவான். இவ்வூரான் கண்ணுக்கும் அது தோன்றத்தான் செய்யும். ஆயின் அவன் ஓடுவதில்லை. தோற்றம் ஒழிந்தமையால் அன்று, அறிவு வந்தமையால் அவன் நின்றான். நின்றவன் என் செய்வான்? வழிமருங்கில் ஆலோ வேம்போ நோக்கி ஒதுங்குவான். கானலை விடுதலும் நிழலைச் சார்தலும் ஒருங்கே நிகழ்வன. பருவத்துன்பம் தோன்றாமற் செய்வது யோகத்தின் வேலையன்று. அதன்பின் உள்ளம் ஓடாமற் செய்வதே அதன் வேலை.

ஆகலின் பருவத்தின் மூட்டுவாயாகிய அப்பதினான்கு நாட்களிலும் இல்லறத்தார் மேற்கொள்ளத்தக்க எளிய முறையொன்றைக் கூறுவேன். வேனிலாயின் விடியலுக்கு முன்னும், பனியாயின் அந்தியிலும், நீறணிந்து, உடம்பு வருந்தாத இருக்கையில் அமர்க. மூச்சை அடக்கற்க, இயல்பாய் உட்புகுவதும் வெளிப்போவதும் அறிந்திருந்து, அவற்றோடு ஐந்தெழுத்தை மனத்தால் எண்ணுக. பின்னர் அன்றைய பருவம் உடம்பிற் செய்வதை ஒளியாது நோக்குக. ‘வெம்மை உடம்பினது, அதனை அறிவது உயிர், அறிவிப்பவன் இறைவன்’ என மும்முறை சிந்தித்து, அறிவிப்பவன்பாற் கருத்தை நிறுத்துக. முதலேழு நாள் பழைய உணவிலும் உறக்கத்திலும் சிறிது குறைத்தலும், பின்னேழு நாள் புதியதைச் சிறிது கூட்டுதலும் உடன்செய்க. கால்நாழிகை போதும். இருதயநோயும் குருதியழுத்தமும் உடையார் மருத்துவரைக் கேளாது கும்பகம் செய்தல் கூடாது. கடுவெயிலில் நீரும் நிழலும் வேண்டும்; யோகம் செய்வார்க்கும் வெப்பம் உயிர்க்கேடு செய்யும்.

இந்நிலத்திலேயே பிறந்தார் ஒருவரை ஈண்டு நினைத்தல் பொருந்தும். 1879 டிசம்பர் 30 ஆம் நாள், மார்கழித் திருவாதிரை இரவில், திருச்சுழியிற் பிறந்தவர் இரமண மகரிஷிகள். 1896 இல் திருவண்ணாமலை புகுந்து பாதாளலிங்கக் குகையில் இருந்த ஞான்று, சிற்றுயிர்கள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதும் அறியாதிருந்தனர். பிறர் கண்டு தூக்கி வெளிக்கொணர்ந்தனர். அவரது நெறி அத்துவித வழியது. பொருள்கோளிற் சித்தாந்தத்தோடு வேறுபடும். எனினும் ஈண்டு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. அவர் உடம்பை வன்மைப்படுத்தி நோவை வென்றாரல்லர். உள்ளம் வேறோரிடத்தைச் சார்ந்தமையால் நோவு அவரை எட்டவில்லை. அந்நிலையைப் புறத்தே நடித்து உடம்பைக் கெடுத்தல் நமக்கு ஆகாது. சார்பு மாறியதே அங்குக் காரணம் என்று அறிதல் ஆகும்.

இனி ஒரு கடா எழும். வறட்சியையும் வெள்ளத்தையும் ஒப்ப நோக்குவான் கண்மாய் தூர்வதையும் ஒப்ப நோக்கி வாளாவிருப்பான் அன்றோ? பசித்த அண்டைவீட்டானையும் பேய்த்தேர் என்பானோ? எனின், அற்றன்று. இருவினையொப்பு என்பது நல்வினை தீவினைப் பயன்களில் விருப்பு வெறுப்பற்ற நிலை. செய்யத்தக்கதைச் செய்யாமை அன்று. சரியையும் கிரியையும் செய்து ஏறியவனுக்கே யோகம் உரியது. ஏறியபின்னும் அவை இழிந்தன ஆகா. குளந்தொட்டு வளம்பெருக்குதலும், வழிப்போவார்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தலும் சிவபுண்ணியத்தோடு எண்ணப்படுவன. அச்சத்தால் நடுங்குங் கை மண்வெட்டியைப் பற்றாது. சினத்தால் எரியும் வாய் ஊராரைக் கூட்டாது. ஆனி ஆடியிலேயே வரத்துக்கால் திருத்திப் புரட்டாசிக்கு முன் கரை வலித்துவைப்பவன், வானம் தன்கையில் இல்லை என்பதையும் மண்வெட்டி தன்கையில் உண்டு என்பதையும் ஒருங்கே அறிந்தவன். யோகம் தரும் பொறை அவனுக்கே முதலில் வேண்டும்.

என் வீழ்ச்சிக்குப் பின் பருவங்கள் பல மாறின. சில ஆண்டு மழை வந்தது. சில ஆண்டு வரவில்லை. வாராத ஆண்டில் என் உள்ளம் வருந்தாமல் இல்லை; ஆயின் பூசையில் அமர்ந்தபோது அவ்வருத்தத்தையும் ஒரு பூப்போலத் திருமுன் வைத்து எண்ணக் கற்றேன். அக்கற்றல் இன்னும் முடிந்தபாடில்லை. கோடையில் வெடித்த கரிசற் பாளங்களை ‘நிலம் செத்தது’ என்று நோக்குவார் உளர். அவ்வெடிப்பின் வழியேதான் முதன்மழை ஆழத்துட் புகுகின்றது என்பது உழவர் அறிவர். வேனில் நம்மிடத்து உண்டாக்கும் பிளவுகளும் அத்தகையனவே. அவை மூடிக்கொள்ள விரையாது, ஐந்தெழுத்தாகிய மழையை ஏற்கத் திறந்திருப்பின், பருவத்திரிபு ஒவ்வொன்றும் அடியார்க்கு ஒவ்வொரு யோகப்படியாம் என்பது எம் துணிபு.

சிவம்.