கல்லடிப் பழைய பாலமும் கறளும்

காத்தான்குடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ மட்டக்களப்பு நகருக்குப் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்குக் கல்லடிப் பாலத்தடியில் காத்துக் கிடந்தது மறந்திருக்காது. ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை மறுபக்கம் நிற்கவேண்டும். அவ்வளவு ஒடுக்கம். 1924இல் கட்டிய அந்த இரும்புப் பாலத்துக்கு அன்றைய ஆளுநர் மெனிங்கின் மனைவியின் பெயரை வைத்தார்கள். எங்கட சனத்துக்கு அது என்றைக்கும் கல்லடிப் பாலம்தான். 2013இல் ஜப்பானிய உதவியோடு பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தபோது பழையதை உடைக்கவில்லை. நடந்துபோகிறவர்களுக்கென்று விட்டார்கள். நல்ல முடிவு.

ஆனால் உடைக்காமல் விடுவது வேறு, பேணுவது வேறு.

இந்தப் பாலத்தின் அழகே அதன் கணக்கு வெளியில் தெரிவதுதான். நாலு சட்டங்களைச் சதுரமாகப் பூட்டித் தள்ளினால் அது சரியும். மூன்றை முக்கோணமாகப் பூட்டினால், ஒரு சட்டம் வளையாமலோ அறுந்துபோகாமலோ வடிவம் மாறாது. அதனால்தான் இரு பக்கமும் சாய்சட்டங்கள். பாரம் ஏறும்போது மேல்சட்டம் நெருக்குப்படும், கீழ்ச்சட்டம் இழுபடும். கொங்கிரீட் பாலத்தில் இதெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும். பிள்ளைகளுக்குப் பௌதிகம் காட்ட இதைவிட நல்ல இடம் எங்கட பக்கத்தில் இல்லை என்பேன்.

கெடுதல் தொடங்குவது மூட்டுகளில். அந்தக் காலத்து இரும்புப் பாலங்களில் தகடுகளைக் காய்ச்சிய ரிவெட் அடித்துத்தான் சேர்த்தார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே உப்பீரம் புகுந்தால் கறள் பிடிக்கும். கறள் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். உள்ளிருந்தே தகட்டைப் பிளந்து தள்ளும். கீழ் மூட்டுகளில் தேங்கும் மண்ணும் பறவை எச்சமும் ஈரத்தைக் காயவிடாது. வெளியில் பெயின்ட் மினுமினுக்கும், உள்ளே கதை முடிந்திருக்கும். படம் எடுக்க வாறவங்க இதையா பார்க்கப் போறாங்க?

ஓட்டமாவடியில் நிலைமை வேறு. முன்பு வீதியும் புகையிரதமும் ஒரே இரும்புப் பாலத்தில் போயின. புது வீதிப் பாலம் வந்தபின் பழையது கோச்சிக்கு மட்டும். கோச்சி ஓடும்வரை யாராவது அதைச் சோதித்தே ஆகவேண்டும். கல்லடிப் பாலத்தில் பாரம் குறைந்ததோடு அந்தக் கட்டாயமும் குறைந்துவிட்டது.

செய்யவேண்டியது பெரிய வேலையில்லை. மூட்டுகளில் சேரும் மண்ணை அள்ளவேண்டும், உப்பை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும், தளர்ந்த ரிவெட்டுக்குப் பதிலாக உறுதியான போல்ட் பூட்டவேண்டும். பெயின்டில்தான் கவனம் தேவை. பழைய இரும்புப் பூச்சுகளில் ஈயம் கலப்பது வழக்கமாயிருந்தது. ஆகவே சுரண்டுமுன் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கவேண்டும். ஈயம் இருந்தால், கீழே மறைப்புக் கட்டித் தூளை முழுவதும் பிடித்தெடுக்காமல் வேலை தொடங்கக்கூடாது. பாலத்துக்குக் கீழே ஓடுவது இறாலும் மீனும் பிடித்து நாம் சாப்பிடுகிற வாவி.