சாப்பிட அரை மணி!

வண்ணாரப்பேட்டைக்கு மேற்கே, கொஞ்ச தூரத்தில் பெரம்பூர். அங்கே பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. பல ஆயிரம் குடும்பங்களுக்கு அவைதான் சோறு போட்டன. ஆனால் அந்தச் சோற்றைத் தின்னத்தான் நேரம் இல்லை!

மத்தியான இடைவேளை அரை மணி. அதற்குள் கை கழுவ வேண்டும், சாப்பிட வேண்டும், திரும்பி ஓடிவர வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கதவு சாத்தப்படும். கூலி போய்விடும்.

தொழிலாளிகள் தங்கள் குறைகளைப் பெரம்பூர் வியாபாரிகள் இருவரிடம் சொன்னார்கள். ஒருவர் செல்வபதி செட்டியார். மற்றவர் ராமானுஜலு நாயுடு. அவர்கள் பி.பி. வாடியாவிடம் போனார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி. இருந்தாலும் பெரம்பூருக்கே வந்து விசாரித்தார். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்.

ஆலை நிர்வாகிகள் கொடியவர்கள் அல்லர். தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர்கள்தான். ஆனால், "சங்கத்தோடு பேசமாட்டோம்" என்று நின்றார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். 1921-ல் வாடியா விலக நேர்ந்தது. அதே வருஷம் மாதக் கணக்கில் வேலை நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

தொழிற்சங்கத் தலைவர்களை அப்படிக் கோர்ட்டுக்கு இழுக்காமல் காக்கும் சட்டம் 1926-ல்தான் வந்தது.