தலைநகரின் தெற்கு வாசல்: ஊர் அறிந்து வியாபாரம் செய்வோம்

வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் உறவினர், மெரினா கடற்கரையும் கபாலீசுவரர் கோயிலும் எழும்பூர் அருங்காட்சியகமும் பார்த்துவிட்டு, இரண்டே நாளில் ஊரைப் பார்த்தாகிவிட்டது என்று ரயில் ஏறிவிடுகிறார். இங்கேயே முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் நாமோ அதைக்கூடப் பார்ப்பதில்லை. காலையில் கடை திறப்பு, பகலில் கொள்முதல், இரவில் கல்லா கணக்கு என்று நாள் ஓடிவிடுகிறது. "நமக்கு ஊர் தெற்கே இருக்கிறது, இது பிழைக்க வந்த இடம்" என்று சொல்லும் வணிகர்கள் நம்மில் பலர்.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வட்டார வணிகர்கள் தாங்கள் வாழும் ஊரைத் தெரிந்துகொள்வது வியாபாரத்துக்கே தேவை என்பது என் கருத்து. ஓர் ஊருக்குள் மனிதர் வரும் வழி எது, சரக்கு வரும் வழி எது, தண்ணீர் போகும் வழி எது என்ற மூன்றையும் அறிந்தவர், கடையை எங்கே வைப்பது, கிடங்கை எங்கே எடுப்பது, என்ன சரக்கை அதிகம் வாங்குவது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். இம்மூன்றும் நம் ஊரில் எப்படி அமைந்தன என்று பார்ப்போம்.

மனிதர் வரும் வழி

சென்னைப் பட்டணமே ஒரு வியாபாரக் கிடங்காகத்தான் தொடங்கியது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் துணி வியாபாரத்துக்காகக் கடற்கரையில் இடம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கியது. கோட்டைக்கு வடக்கே உள்ளூர் வணிகர்களும் கைவினைஞர்களும் குடியேறிய பகுதிதான் பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

அந்தப் பட்டணத்திலிருந்து தெற்கே வர அடையாற்றைக் கடக்க வேண்டும். சைதாப்பேட்டையில் அதற்குக் கல்பாலம் கட்டியவர் கவர்னர் அல்லர், ஒரு வணிகர். ஆர்மீனிய நாட்டு வழிவந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர் 1726-ல் தம் சொந்தப் பணத்தில் அந்தப் பாலத்தைக் கட்டினார். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் படிகளை அமைத்தவரும் அவரே. அந்தப் பழைய பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. தென் சென்னைக்கு வழி திறந்து கொடுத்தவர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

அந்த வழியே இன்று ஜி.எஸ்.டி. ரோடு. நம் இளைய வணிகர்களிடம் ஜி.எஸ்.டி. என்றால் 2017 ஜூலையில் வந்த வரியைத்தான் நினைப்பார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் கடை வாசலில் இருந்த ஜி.எஸ்.டி., கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. முதல் ஜி.எஸ்.டி. வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது, இரண்டாவது ஜி.எஸ்.டி. கணக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சாலைக்கு அடுத்த பெரிய மாற்றம் மின்சார ரயில். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பட்டணத்தில் உத்தியோகம், புறநகரில் குடித்தனம் என்ற வாழ்க்கை முறை இதனால்தான் சாத்தியமாயிற்று. காலையில் கூட்டமாக ஏறிப்போகிறவர்கள் மாலையில் கூட்டமாக இறங்கி, வீட்டுக்கு நடக்கும் வழியில் காய்கறியும் மளிகையும் வாங்குவார்கள். நம் வட்டாரத்தின் பழைய கடைகள் பலவும் ரயில் நிலையத்தை ஒட்டியே இருப்பதற்கு இதுவே காரணம். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒன்றாம் தேதி பற்று வரவு நோட்டு வைத்து வளர்ந்த வியாபாரம் அது. 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்று எல்லாம் அகலப் பாதையானது. ஆனாலும் மாலைக் கூட்டம் இறங்கும் இடம் மாறவில்லை.

பெயரிலே இருக்கும் கணக்கு

நம் ஸ்டேஷன் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால், யார் எதற்காக இங்கே வந்தார்கள் என்பது தெரியும். குரோம்பேட்டை என்ற பெயர் தோல் பதனிடும் தொழிலால் வந்தது. குரோம் லெதர் கம்பெனி அங்கே இயங்கியதால் ஏற்பட்ட பெயர் அது. சானடோரியம் என்ற பெயர் 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஏற்படுத்திய மருத்துவமனையால் வந்தது. 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதே 1937-ல்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரம் சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. 1984-ல் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் வந்தது. விமானப்படைத் தளமும் ரயில்வே குடியிருப்புகளும் உண்டு.

இவற்றை வரிசையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மருத்துவமனைக்கு வருபவர் பழமும் ரொட்டியும் பிளாஸ்கும் கேட்பார். விடுதி மாணவர் பிஸ்கட், சோப்பு, நோட்டுப் புத்தகம் கேட்பார். ஷிப்டு முடித்து வரும் பெண் தொழிலாளி சின்னப் பாக்கெட்டுகளாகக் கேட்பார். ரயில்வே குடும்பம் மாதச் சாமான் பட்டியல் கொடுக்கும். ஒரே தாம்பரத்தில் நான்கு விதமான வாடிக்கையாளர். கிழக்குப் பக்கம் ஓடும் சரக்கு மேற்குப் பக்கத்தில் தேங்குவதை மொத்த வியாபாரத்தில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சரக்கில் குறை இருக்காது. தெருவில் இருப்பவர் யார் என்று பார்க்காமல் வாங்கியதுதான் காரணமாக இருக்கும்.

சரக்கு வரும் வழி

நம்மில் வயதானவர்களுக்குக் கொள்முதல் என்றால் கொத்தவால் சாவடிதான். அண்ணாப் பிள்ளைத் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று பெயர் சொன்னாலே மிளகாய் நெடி மூக்கில் ஏறும். 1996-ல் காய்கறி, பழம், பூ மொத்த வியாபாரம் அங்கிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அது மாறியபோது பழகிய மண்டி, பழகிய சுமை தூக்குபவர், பழகிய கடன் வசதி எல்லாம் கலைந்தன. புதிய இடத்துக்கு முதலில் போய்ப் பார்த்து வழி தெரிந்துகொண்டவர்கள் நிலைத்தார்கள். "கொத்தவால் சாவடி போல வராது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் பின்தங்கினார்கள்.

2020 மே மாதத்தில் கொரோனா பரவலால் கோயம்பேடும் மூடப்பட்டது. காய்கறி திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் தற்காலிகமாகப் போயின. செப்டம்பர் மாதத்தில்தான் கோயம்பேடு படிப்படியாகத் திறந்தது. ஒரே சந்தையை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த ஐந்து மாதங்கள் நமக்குக் காட்டின. செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகளோடும் அரிசி ஆலைகளோடும் முன்பே தொடர்பு வைத்திருந்தவருக்கு அந்த நாட்களில் கை கொடுக்க ஆள் இருந்தது.

தண்ணீர் போகும் வழி

இதுதான் மிக முக்கியமானது. நம் வட்டாரம் ஏரிகளால் ஆனது. பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று ஊருக்கு ஊர் ஏரி உண்டு. பொதுவாகச் சொன்னால், ரயில் பாதைக்கு மேற்கே விழும் மழைநீர் அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே விழுவது ஏரிக்கு ஏரி நிரம்பிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. ஒரு ஏரியின் உபரிநீர்க் கால்வாய் அடைபட்டால், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக் கொண்டு தெருவுக்குள் வரும்.

2015 டிசம்பரில் நடந்தது அதுதான். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அரிசி, சர்க்கரை, பருப்பு மூட்டைகளைத் தரையில் அடுக்கி வைத்திருந்த சிறு வணிகர்கள் ஒரே இரவில் ஆண்டு முழுவதும் சேர்த்த முதலை இழந்தார்கள். வாடகை குறைவு என்று பள்ளத்தில் கிடங்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். கிடங்கு பார்க்கும்போது வீட்டுத் தரகரை மட்டும் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் ஐம்பது ஆண்டு குடியிருக்கும் பெரியவரை, "ஐயா, இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று கேளுங்கள். "தாங்கல்" என்றோ "மதகு" என்றோ "வயல்" என்றோ அவர் சொன்னால், ஒன்று வேறு இடம் பாருங்கள். இல்லையேல் மூட்டையை மூன்றடி மேடையில் ஏற்றி, சரக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டுப் பிறகு சாவி வாங்குங்கள்.

வாசல் மீண்டும் மாறியிருக்கிறது

வெளியூர்ப் பஸ் நிலையம் முன்பு பிராட்வேயில் இருந்தது. 2002-ல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பஸ்கள் இப்போது அங்கிருந்து புறப்படுகின்றன. அங்கேயே வந்து நிற்கின்றன. வண்டலூரைத் தாண்டி நகரத்தின் தெற்கு வாசல் நகர்ந்துவிட்டது.

பொங்கல், தீபாவளிக்கு முன் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் நமக்கு நினைவிருக்கும். அந்தக் கூட்டத்தை நம்பிய கடைகள் இப்போது வியாபாரம் குறைந்து வருந்துகின்றன. வருத்தம் நியாயமே. ஆனால் பிராட்வேயிலும் கோயம்பேட்டிலும் இதே நிலை ஏற்பட்டதை மறக்கலாகாது. பயணியை நம்பிய கடை வாசல் மாறும்போது தள்ளாடும். குடியிருப்பவரை நம்பிய கடை தாங்கி நிற்கும். நம் பக்கம் குடியிருப்போர் குறையவில்லை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ராமேசுவரத்திலிருந்து விட்ட புதிய ரயிலும் தாம்பரத்துக்குத்தான் வந்தது. தலைநகரின் ஓரமாக இருந்த ஊர் தானே ஒரு நகரமாகிவிட்டது.

பார்க்க வேண்டிய இடங்கள்

இதையெல்லாம் ஏட்டில் படித்தால் போதாது. நடந்து பார்க்க வேண்டும். மே 5 வணிகர் தினத்தன்று கடை அடைக்கிறோம். ஞாயிறு பிற்பகலிலும் சிலர் அடைக்கிறோம். அந்த நேரத்தில் குடும்பத்தோடு ஒவ்வோர் இடமாகப் போய் வரலாம்.

பரங்கிமலை: போர்த்துகீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம் மலைமேல் உள்ளது. உச்சியில் நின்றால் விமான நிலையமும் ரயில் பாதையும் ஏரிகளும் வரைபடம் போலத் தெரியும். லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்தியாவையே அளக்கும் வேலையை 1802-ல் இந்தப் பகுதியிலிருந்துதான் தொடங்கினார். இங்கிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் 12 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அளந்தார்கள்.

பல்லாவரம்: 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை ஒன்றும் உண்டு. இன்று அது தர்காவாக வழிபடப்படுகிறது. வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஒருமுறையாவது போங்கள். செடி, புறா, பழைய நாற்காலி, பழைய மின்சாமான் என்று எல்லாம் விற்கிறார்கள். விலைப்பட்டியல் இல்லாமல், ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழைய வித்தை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

திருநீர்மலை, திரிசூலம், மாடம்பாக்கம்: திருநீர்மலை 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திரிசூலநாதர் கோயிலும் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலும் சோழர் காலத்தவை. பஸ்ஸும் ரயிலும் வருவதற்கு எண்ணூறு ஆண்டு முன்பே இங்கே ஊர் இருந்ததற்கு அவை சாட்சி.

ஜார்ஜ் டவுன்: தாம்பரத்தில் ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே பார்க்கலாம். கடைப் பையன்களையும் அழைத்துச் செல்லுங்கள். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவே எத்தனை கை மாறுகிறது என்று அவர்களும் பார்க்கட்டும்.

நம் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஒரு சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்யலாம். அதோடு ஒரு சிறு வேலையை ஒவ்வொருவரும் செய்யலாம். ஒரு வார காலம், மாலை 6 மணி முதல் 8 மணி வரை, கடை முன் போகிறவர்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள், என்ன கேட்டு இல்லையென்று திரும்புகிறார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த மாதக் கொள்முதல் பட்டியலை அந்த நோட்டைப் பார்த்து எழுதுங்கள். வாசல் மறுபடியும் நகரும் காலம் வரும்; அப்போது அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அந்த நோட்டு உங்களுக்கு முன்கூட்டியே சொல்லும்.