மருந்து ஒன்றுதான், மரபணு வேறு

ஊசி ஏறி முடியச் சில நிமிடங்கள்தான். அதற்குப் பிறகு நோயாளிக்குச் சொல்வது நிறைய இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், ஒன்றுக்கு இரண்டு தடவை ஃபிளஷ் செய்யுங்கள், பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளச் சில நாள் பொறுங்கள். உடம்புக்குள் போயிருப்பது லூட்டேசியம்-177 என்ற கதிரியக்கப் பொருள்.

புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு போன்ற இடங்களுக்குப் பரவி, ஹார்மோன் ஊசிக்கும் கீமோவுக்கும் அடங்காமல் போனவர்களுக்கென்று முதலில் வந்த சிகிச்சை இது. புராஸ்டேட் புற்றுசெல்லின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் பெரும்பாலும் மிகுந்திருக்கும். மருந்து அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து கிளம்பும் பீட்டா கதிர் அதிகம் போனால் 2 மில்லிமீட்டர் தூரம் போகும். அந்த எல்லைக்குள் செல்லின் டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. 6 வாரத்துக்கு ஒன்றாக, 6 ஊசி வரை போடுவார்கள்.

831 பேரைக் கொண்டு நடந்த 'விஷன்' ஆய்வை வைத்து, 2022 மார்ச்சில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.3 மாதம், இந்த மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 15.3 மாதம். நான்கு மாதம் என்பது அந்தக் குடும்பங்களுக்குச் சின்ன விஷயமே இல்லை. ஆனால் ரத்தத்தில் நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ அளவு பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது 100-க்கு 46 பேருக்குத்தான். மற்றவர்களுக்கு ஏன் அந்த அளவு குறையவில்லை?

பிஎஸ்எம்ஏ குறைவாக உள்ள கட்டியில் மருந்துக்குப் பிடிமானம் இல்லை. அதை முன்கூட்டியே பெட் ஸ்கேன் காட்டிவிடும். ஸ்கேனில் நன்றாக ஒளிரும் கட்டியும் சிலருக்கு மசியாதபோதுதான் மரபணுவைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அறுந்த டிஎன்ஏவைச் செல் சும்மா விடாது, ஒட்டுப்போடப் பார்க்கும். இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால் அதைப் பிழையில்லாமல் சீர்செய்ய பிஆர்சிஏ-2 மரபணு வேண்டும். அது பழுதான கட்டி, கதிர் பட்டால் எளிதில் சாக வேண்டும் என்பது கணக்கு. ஆல்ஃபா கதிர் வீசும் ரேடியம்-223 மருந்தில், சிறிய ஆய்வுகள் சில இதற்கு ஒத்துப்போகின்றன. லூட்டேசியத்தில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. டிபி53 மரபணு கதை வேறு. மோசமாகச் சேதமடைந்த செல்லைச் சாகவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அது கெட்டுவிட்டால், அடிபட்ட செல்லும் பிழைத்துக்கொள்ளும். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு லூட்டேசியத்தின் பலன் சீக்கிரம் தேய்வதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதை வைத்து ஒருவருக்கு இந்த ஊசி வேண்டாம் என்று மறுப்பது தவறு. அந்த அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. ஆனாலும் மரபணுப் பரிசோதனையைக் கடைசிவரை தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிஆர்சிஏ பழுது தெரிந்தால் ஓலாபரிப் என்ற மாத்திரைக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2020 முதலே அதற்கு அனுமதி உண்டு.

இன்னொன்றும் உண்டு. நோய் பரவிய 692 ஆண்களை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், 11.8 சதவீதம் பேருக்கு டிஎன்ஏவைச் சீர்செய்யும் மரபணுக்களில் பிறவியிலேயே பழுது இருந்தது. அப்பாவிடம் இருக்கும் பிஆர்சிஏ-2 பழுது, ஒவ்வொரு பிள்ளைக்கும் இறங்க சரிபாதி வாய்ப்பு. மகளுக்கு இறங்கினால் மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் அபாயம் கூடும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய் பரவியிருந்தால், மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறவிப் பழுது இருப்பதாக ரிப்போர்ட் வந்தால், மகன்களிடம் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மகள்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.